சி பிளாக், முப்பத்தொன்றாம் வாரம்

செந்தூல் பிளாட்டில் லிஃப்ட் இரண்டு.
ஒன்று பதினேழாம் மாடியில்
வாய் பிளந்தபடி மூன்று மாதமாய் நிற்கிறது.
மற்றதில் நான், ஒரு கேஸ் சிலிண்டர்,
அதைத் தூக்கிவந்த பையன்,
என் பையில் நாற்பது கறுப்பு டப்பாக்கள்.

டப்பா ஒரு காப்பிக் குவளை அளவு.
பாதி தண்ணீர், சாய்த்து வைத்த பலகைத் துண்டு.
ஈரமும் இருட்டும் இருந்தால் போதும்,
தாய்க்கொசு நம்பிவிடும்.
நம்பி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே
ஒட்டிவைத்துவிட்டுப் போகும்,
கைதவறிச் சிந்திய கசகசாபோல;
கறுப்புக் கசகசா.

காய்ந்தாலும் அவை சாவதில்லை.
மாதக்கணக்கில் காத்திருக்கும், ஒரு மழைக்கு.
இந்த ஒரு விஷயத்தில்
எனக்கு அவற்றின்மேல் பொறாமை உண்டு.

கொல்லுகிறவர்கள் வேறு.
வியாழக்கிழமை புகையோடு வந்து
பூனைகளை விரட்டிவிட்டுப் போவார்கள்.
நான் எண்ணுகிறவள். சுகாதார இலாகா,
ஒப்பந்தச் சம்பளம், ஒரு பூதக்கண்ணாடி.
ஒன்பதாம் வாரம் இருநூற்றுப் பன்னிரண்டு.
பதினொன்றில் எழுநூறைத் தாண்டியது.
அந்த வாரம்தான் ஆறாம் மாடி யுகேந்திரனை
ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.
திரும்பி வந்துவிட்டான். மெலிந்து.

ஒரு டப்பாவை மறந்துவிட்டேன் ஒருமுறை,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நான்கு வாரம்.
திறந்தபோது தண்ணீரே நெளிந்தது.
தலைகீழாய்த் தொங்க இடமில்லாமல்
ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு,
வயது கடந்தும் புழுவாகவே சில;
சிறகு முளைத்தவை பாதி உடம்போடு.
மீன் இல்லை, மருந்து இல்லை, யாரும் விரட்டவில்லை.
நெருக்கமே கத்தரிக்கோலாய் இருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
வீட்டில் எத்தனை பேர்?
'மூணு' என்றாள் பதினொன்று-ஏழில் சுகந்தமலர்.
வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பு.
கொடியில் ஒரே பள்ளிச் சட்டை, நான்கு அளவில்.
உள்ளே யாரோ இருமலை விழுங்கினார்கள்.
மூன்று என்று எழுதினேன்.
முட்டைகளை மட்டும்தான்
நான் சரியாக எண்ணுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கூடத்துக் கொசுக்கள் வந்தன,
மூடிபோட்ட குவளைகளில்.
தாழ்வாரத்தில் நின்று தட்டித் தட்டித் திறந்துவிட்டேன்.
வீரப்பெருமாள் கதவிடுக்கில் நின்று கத்தினார்:
'கொசுவ ஒழிக்க வந்தியா, விட வந்தியா?'
சொன்னேன்: 'இதுங்க வயித்துல ஒரு கிருமி குடியிருக்கு.
இந்த ஆண் போய்ச் சேர்ந்தா
நம்மூர்க் கொசு போடற முட்டை பொரிக்காது.'
யோசித்தார்.
'அப்ப கல்யாணம் நடக்கும், பிள்ளை தங்காது.'
சிரித்துக்கொண்டே சாத்திக்கொண்டார்.
அவருக்கு என்ன தெரியும்.
நான் அடுத்த குவளையைத் திறந்தேன்.
கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது ஒன்று,
முதுகில் வெள்ளிக்கோடு வளைந்த வீணை.

இன்று முப்பத்தொன்று. மொத்தம் பதினான்கு.
கண்ணாடிக்கடியில் பெரும்பாலானவை
உள்வாங்கிச் சுருங்கிப்போன ஓடுகள்.
மேலாளர் ஃபாரிடா பச்சை மையால் வட்டம் போட்டாள்.

ஆனால் பொரித்த நான்கில்
வீணை இல்லை. ஒற்றை வெள்ளைக் கோடு.
ரயில் பாதைக்கு அப்பால் மரங்களில் இருக்கும் இனம்.
டப்பா காலியானது அதற்கு எப்படித் தெரிந்தது?
அதுவும் காய்ச்சலைச் சுமக்கும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை;
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

மாலை ஐந்தரை. லிஃப்ட் நிறைந்துவிட்டது.
பதின்மூன்று பேர் என்கிறது தகடு;
பதினைந்து, இடுப்புக் குழந்தையைச் சேர்த்தால் பதினாறு.
மணி அடிக்கிறது. கதவு மூட மறுக்கிறது.
எல்லோரும் மேலே எண்களையே பார்க்கிறோம்,
யாராவது இறங்குவார்கள் என்று.
கேஸ் பையன் சிலிண்டரை உருட்டி வெளியே வைக்கிறான்.
மணி நிற்கவில்லை.
அவனும் இறங்குகிறான்.